கடலூரில் இருந்தபடியே ஒரு ஆர்.ஏ.எஃப். போர்விமானியின் போர்க்காலத்தை எழுதுவது எப்படி

இரண்டாம் உலகப் போரில் ஆர்.ஏ.எஃப்.பில், அதாவது பிரிட்டிஷ் விமானப்படையில், பறந்த ஒரு போர்விமானியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கை முதலில் போவது பதக்கப் பட்டியலுக்கும் "இத்தனை விமானங்களை வீழ்த்தினார்" என்ற எண்ணுக்கும்தான். பிழை அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்த இரண்டிலும்தான். அவர் எந்த நாளில், எந்த விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார் என்பதை அந்தந்தப் படைப்பிரிவில் அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வரிசையாக அடுக்கிவிட்டால் பணிக்காலம் தானாக எழுந்து நிற்கும். பதக்கமும் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு வந்து உட்காரட்டும். இந்த வேலைக்கு லண்டன் போக வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ ஒரு மேசை, இணையத்தோடு ஒரு கணினி, ஒரு விரிதாள், கொஞ்சம் பொறுமை இருந்தால் நடக்கும்.

உதாரணத்துக்கு ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்வோம்: ஜேம்ஸ் ஹாரி லேசி. 1917 பிப்ரவரி 1 அன்று யார்க்‌ஷயரின் வெதர்பியில் பிறந்தவர். செம்பட்டை முடிக்காக 'ஜிஞ்சர்' லேசி என்று அழைக்கப்பட்டவர். பிரான்ஸ், பிரிட்டன் சண்டை (1940இல் பிரிட்டன் வானில் ஜெர்மன் விமானப்படையோடு நடந்தது), பர்மா என மூன்று களத்திலும் பறந்தார். போரின் பின்பாதியை இந்தியாவில் கழித்தார். சார்ஜென்டாகத் தொடங்கி ஸ்குவாட்ரன் லீடர் ஆனவர் என்பதால், ஆவணங்களில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் இவர் ஒருவரிடமே கிடைத்துவிடும். பழகுவதற்கு இதைவிட நல்ல ஆள் கிடைப்பது கடினம்.

யாரை எடுப்பது

நம் பக்கத்துத் தொடர்பு உள்ள ஒருவர் வேண்டும் என்றால் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களை (விமானப் படைப்பிரிவுகளை) பாருங்கள். மூன்றின் பெயரோடும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற அடைமொழி உண்டு. மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்காகச் சூட்டிய பெயர் அது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு ஜில்லாவும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே தமிழ் விமானிகள் இருந்திருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பெயர் பணத்துக்கு; ஆட்கள் வேறு.

234இல் 1940 கோடையில் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் ஓட்டிய பாப் டோ, பிறகு இந்தியா வந்து, இந்திய விமானப்படையின் 10ஆம் ஸ்குவாட்ரனை உருவாக்கிப் பர்மாவுக்கு இட்டுச்சென்றார். டி.எஸ்.ஓ. என்ற வீரப்பதக்கமும், இரண்டு முறை டி.எஃப்.சி. என்ற வீரப்பதக்கமும் பெற்றவர். தமிழில் எழுத அவரும் நல்ல தேர்வுதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வின், ஜெர்மனியிடம் பணிய மறுத்த சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்ததும் ஊரே அந்தப் பக்கம் ஆனது. ஆர்.ஏ.எஃப்.பில் பறந்த சுதந்திரப் பிரெஞ்சு விமானி ஒருவரை எடுத்தால், ஸ்குவாட்ரன் தாள்கள் லண்டனிலும் தனிநபர் கோப்பு பாரிஸை அடுத்த வின்சேன் ராணுவ வரலாற்றுக் காப்பகத்திலும் இருக்கும். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கைவந்த வேலை.

உளுந்தூர்பேட்டைக்கு வெளியே கிடக்கும் போர்க்கால ஓடுதளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போய்ப் பாருங்கள், ஒரு விமானத்தளம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது புரியும். ஆனால் தாளில் அந்தப் பெயர் வந்தால் ஒழிய உங்கள் விமானியை அங்கே இறக்கிவிடாதீர்கள். ஊர்ப்பாசத்தில் நடக்கும் தவறு இது.

பெயரும் எண்ணும்

முதல் வேலை ஆளை அடையாளம் காண்பது. செல்லப்பெயரில் தேடினால் ஆவணத்தில் ஒன்றும் கிடைக்காது. 'ஜிஞ்சர்', 'ஜானி', 'செய்லர்' எல்லாம் பத்திரிகைக்கும் நண்பர்களுக்கும்தான். அட்டவணையில் குடும்பப்பெயர் முதலில், பிறகு இடுபெயர்களின் முதலெழுத்துகள். நம் ஊர் வழக்கப்படி 'ஜே. எச்.' என்பதைத் தந்தை, தாத்தா பெயரின் தலைப்பெழுத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் அவருடைய பெயர்களே. தமிழில் சுருக்கி எழுதும்போது 'ஜேம்ஸ்' என்று எழுதாமல் 'லேசி' என்றே எழுதுங்கள்.

ஒரே குடும்பப்பெயரில் பலர் இருப்பார்கள். பிரிப்பது பணி எண். இங்கேதான் பலர் இடறுவது: சார்ஜென்டாக இருந்தபோது ஒரு எண், அதிகாரி ஆனதும் முற்றிலும் வேறொரு எண். லேசி 1941 தொடக்கத்தில் அதிகாரி ஆனார். அதற்கு முந்தைய தாளும் பிந்தைய தாளும் வெவ்வேறு எண்ணைக் காட்டுவதால் இரண்டு பேர் என்று நினைத்து ஒருவரை விட்டுவிடுவது எளிது. 740 என்று தொடங்கும் எண், போருக்கு முன்பே தன்னார்வ ரிசர்வில் விமானியாகச் சேர்ந்தவர்களுக்கு வந்த வரிசை. எண்ணைப் பார்த்தாலே பின்னணி ஓரளவு தெரிந்துவிடும். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏர் 78' தொடர் இந்தப் பெயர்-எண் அட்டவணை. ஏராளமான அட்டைகளை வரிசையாகப் படம்பிடித்த பெரிய கோப்புகள் அவை. இறக்கிய பிறகு பக்கம் பக்கமாகத் தள்ளித் தேட வேண்டும். கைப்பேசியில் முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதவிப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. 'பைலட் ஆபீசர்' என்பது அதிகாரிப் பதவியின் முதல் படி. அது விமானம் ஓட்டும் வேலையைக் குறிக்கும் சொல் அல்ல. அடுத்து ஃபிளையிங் ஆபீசர், ஃபிளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர். இந்திய விமானப்படை இன்றும் இவற்றில் பெரும்பாலானதை அப்படியே வைத்திருப்பதால் தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. மொழிபெயர்க்கப் போய்ப் புதுச்சொல் படைக்க வேண்டாம்.

ஸ்குவாட்ரன் பதிவேடு

வேலையின் முதுகெலும்பு 'ஏர் 27' தொடர். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் மாதந்தோறும் எழுதி அனுப்பிய பதிவேடு இது. இரண்டு படிவங்கள் கொண்டது. படிவம் 540 சுருக்கம்: இன்று வானிலை இப்படி, இன்னார் வந்து சேர்ந்தார், இத்தனை முறை கிளம்பினோம் என்று உரைநடையாக இருக்கும். படிவம் 541 விவரம்: தேதி, விமானத்தின் வகையும் எண்ணும், ஓட்டியவர் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், என்ன நடந்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஒரே மாதத்துக்கு இந்த இரண்டும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். தலைப்பு கிட்டத்தட்ட ஒன்று போலவே தெரியும். சுருக்கத்தை மட்டும் இறக்கிவிட்டு "என் ஆள் பெயரே இல்லை" என்று கைவிடுபவர்கள் நிறைய. இரண்டையும் எடுங்கள். சில மாதங்களுக்குப் பின்னிணைப்பும் தனியாக இருக்கும். சண்டை நடந்த மாதமாக இருந்தால் அதையும் விடாதீர்கள். இறக்குமுன் திரையில் காட்டும் கட்டண விதியைப் படித்துவிடுங்கள். அது மாறிக்கொண்டே இருக்கும்.

லேசிக்கு எடுக்க வேண்டியது முதலில் 501ஆம் ஸ்குவாட்ரன். 1940 மே மாதம் பிரான்ஸின் பெத்தனிவில். பிறகு இங்கிலாந்து திரும்பி குராய்டன், மிடில் வாலப். ஜூலை 25 முதல் கிரேவ்ஸெண்ட், செப்டம்பர் 10 முதல் கென்லி. 1942இல் 602ஆம் ஸ்குவாட்ரன். இந்தியாவில் பல இடங்களுக்குப் பிறகு 1944 நவம்பரில் 155, அதே மாதத்தில் 17. ஒரு ஸ்குவாட்ரன் ஊர் மாறிய தேதியும் ஒரு விமானி மாறிய தேதியும் வேறு வேறு. முன்பகுதி ஆட்கள் விமானத்தில் போய்விட, பின்பகுதி ரயிலிலும் லாரியிலும் வந்து சேர நாள் ஆகும். எனவே 'மாற்றம்' என்று ஒரே தேதியைப் போடாமல் இருவருக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரிதாளில் ஒரு பறத்தலுக்கு ஒரு வரி. கட்டங்கள் இவை போதும்: தேதி, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், விமான எண், எங்கிருந்து, எதற்கு, 541 சொல்வது, சண்டை அறிக்கை சொல்வது, லாக் புக் (விமானியின் சொந்தப் பறத்தல் குறிப்பேடு) சொல்வது, எதிரிப் பக்கம் சொல்வது, உங்கள் ஐயம். கடைசிக் கட்டத்தைக் கட்டாயம் வையுங்கள். பின்னால் அதுதான் காப்பாற்றும். சண்டை உக்கிரமாக இருந்த ஒரு மாதத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும். பயிற்சி மாதங்கள் அரை மணியில் முடிந்துவிடும்.

பதிவேட்டில் வழக்கமாக வரும் பிழைகள் சில. பலவற்றை மாதக் கடைசியில் ஒரு எழுத்தர் தட்டச்சு செய்தார். பெயர் தவறும், விமான எண்ணின் இரண்டு இலக்கம் இடம் மாறும். நேரத்தைச் சரிபார்க்க எளிய வழி எரிபொருள். லேசி 1940இல் ஓட்டிய ஹரிகேன் போர்விமானத்தின் தொட்டிகளில் பிடிப்பது ஏறத்தாழ 97 காலன், அதாவது சுமார் 440 லிட்டர். 1940இல் ஒரு சண்டைப் பறத்தல் பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒன்றரை மணி வரை. மூன்று மணி நேரம் வானில் இருந்ததாக ஒரு வரி காட்டினால், நடுவே வேறு தளத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பியிருப்பார், அல்லது எழுத்தர் தவறியிருப்பார்.

1940 மே மாத பிரான்ஸ் தாள்களை எச்சரிக்கையாகப் படியுங்கள். பின்வாங்கலின் குழப்பத்தில் பல ஸ்குவாட்ரன்களின் தாள்கள் தொலைந்தன, எரிக்கப்பட்டன. இன்று கிடைப்பதில் ஒரு பகுதி பிறகு நினைவிலிருந்து எழுதிய சுருக்கம். லேசியின் முதல் மூன்று வீழ்த்தல்கள் மே 13 அன்று ஸெடான் பக்கம் நடந்தவை. மூன்றும் ஜெர்மன் விமானங்கள்: ஒரு ஹெயின்கல் 111 குண்டுவீச்சு விமானம், மெஸ்ஸர்ஷ்மிட் போர்விமானங்களில் ஒரு 109, ஒரு 110. அந்த மாதத்துக்கு ஒரே ஒரு தாளை நம்பி நிற்க வேண்டாம்.

விமானத்தைக் குறிக்கும்போது எழுத்துக் குறியீட்டையும் எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டில் பெரிதாக எழுதிய எஸ்.டி. என்பது 501ஆம் ஸ்குவாட்ரன், எல்.ஓ. என்பது 602, ஒய்.பி. என்பது 17. அடுத்து வரும் ஒற்றை எழுத்து அந்தந்த விமானத்துக்கு. ஒரு விமானம் விழுந்தால் அதே எழுத்து மறுநாள் வேறொன்றுக்குப் போய்விடும். வால் பக்கம் சிறிதாக இருக்கும் எண்தான் கடைசிவரை மாறாதது. புகைப்படத்தில் எழுத்தைப் பார்த்து "இது இன்னாரின் விமானம்" என்று எழுதுவதுதான் இணையத்தில் அதிகம் நடக்கும் தவறு.

எத்தனை வீழ்த்தினார்

லேசிக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 28 உறுதி, 5 அநேகமாக, 9 சேதம். அதில் 18 பிரிட்டன் சண்டைக் காலத்தில், அதாவது பிரிட்டிஷ் வரையறைப்படி 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை. இந்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் கட்டுரை ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

ஒவ்வொரு விமானியும் சண்டை முடிந்து இறங்கியதும் உளவு அதிகாரியிடம் சொல்லி எழுதியது சண்டை அறிக்கை. 'ஏர் 50' தொடரில் குடும்பப்பெயரைக் கொண்டே தேடலாம். எதிரி விமானங்கள் எத்தனை, எந்த வகை, தாக்கிய நேரம், இடம், எதிரியின் உயரம், எதிரி இழப்பு, நம் இழப்பு என்று கட்டங்கள். அடியில் விமானியின் சொந்த வார்த்தைகளில் நடந்தது. எத்தனை கெஜத்தில் சுட ஆரம்பித்தார், எத்தனை விநாடி சுட்டார் என்பதும் பெரும்பாலும் இருக்கும். எல்லா அறிக்கைகளும் பிழைத்திருக்கவில்லை. அறிக்கை இல்லாததால் சண்டையே நடக்கவில்லை என்று ஆகாது.

மூன்று வகைகளின் பொருளைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 'உறுதி' என்றால் விழுந்ததை அல்லது நடுவானில் சிதறியதை அல்லது ஆட்கள் குதித்ததை யாரோ பார்த்தார்கள். 'அநேகமாக' என்றால் திரும்பிப் போயிருக்க வழியில்லை என்ற கணிப்பு. 'சேதம்' என்றால் அடி விழுந்தது தெரிந்தது. 1940 ஆகஸ்டில்தான் இந்தப் பிரிவுகள் இப்படி ஒழுங்கானது. அதற்கு முந்தைய தாள்களில் 'உறுதிப்படாதது' என்ற சொல் வரும். அதைப் பிந்தைய 'அநேகமாக' என்று நேராக மாற்றி எழுதிவிட முடியாது. இருவர் சேர்ந்து வீழ்த்தினால் 'பங்கு'. பாப் டோவுக்கு 14 தனியாக, 2 பங்கில் என்பது வழக்கமான கணக்கு. இதை 16 என்று கூட்டி எழுதினால் தவறு.

அறிக்கை நேர்மையாகவே இருந்தாலும் எண் கூடிவிடும். 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டிஷ் தரப்பு அறிவித்தது 185. ஜெர்மன் தரப்பு அன்று உண்மையில் இழந்தது 60க்குச் சற்று முன்னே பின்னே. யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒரே விமானத்தை இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் சுடுவார்கள். மேகத்துக்குள் புகுந்தது விழுந்ததாகத் தோன்றும். 109இன் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளிப் பாய்ந்தால் கரும்புகை கக்கும். அடிபட்டு எரிகிறது என்றே பின்னால் வருபவர் எழுதுவார். எட்டுத் துப்பாக்கி கொண்ட ஹரிகேனில் குண்டு தீர்வதற்குச் சுமார் 15 விநாடிதான் ஆகும். நின்று பார்த்துச் சரிபார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

எனவே ஒவ்வொரு உரிமைகோரலையும் எதிரியின் இழப்புப் பட்டியலோடு பொருத்த வேண்டும். ஜெர்மன் விமானப்படையின் பொருள்வழங்கு தலைமையகம் வைத்திருந்த பட்டியலில் ஒவ்வொரு இழப்புக்கும் சேதம் விழுக்காட்டில் இருக்கும். 100 என்றால் முற்றிலும் போனது. 60க்கு மேல் என்றால் தேறாது என்று தள்ளப்பட்டது. அதற்குக் கீழே என்றால் பழுதுபார்த்துத் திரும்பப் பறந்தது. பொருத்தும்போது வகை, நேரம், இடம் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒத்துப்போனது. வகை மட்டும் ஒத்துப்போவது போதாது; அன்று அதே வகையில் பத்து விழுந்திருக்கும்.

பயிற்சிக்கு 1940 செப்டம்பர் 13ஐ எடுங்கள். வானம் மூடியிருந்த நாள். அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் குண்டு விழுந்தது. லேசி தனியாகக் கிளம்பிப் போய் ஒரு ஹெயின்கல் 111ஐ வீழ்த்தினார். தன் ஹரிகேனும் அடிபட்டு, பாராசூட்டில் குதித்தார். "அரண்மனையில் குண்டு போட்ட விமானத்தை வீழ்த்தியவர்" என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. உங்கள் விரிதாளில் இவை மூன்று தனி வரிகள்: அரண்மனையில் குண்டு, ஒரு ஹெயின்கல் வீழ்ந்தது, இரண்டும் ஒரே விமானமா என்பது. மூன்றாவதுக்கு ஜெர்மன் பக்கத்துத் தாள் ஒத்துப்போக வேண்டும். அது இல்லாமல் எழுதுவதானால் 'என்று சொல்லப்படுகிறது' என்ற வால் இருக்கட்டும். இரண்டு நாள் கழித்து, 15ஆம் தேதி, 504ஆம் ஸ்குவாட்ரனின் ரே ஹோம்ஸ் டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் மீது மோதினார். அது விக்டோரியா ரயில் நிலையத்தில் விழுந்தது. அதற்கும் அரண்மனைக் கதை ஒன்று உண்டு. இந்த இரண்டையும் கலந்து ஒரே கதையாக்கிவிடும் பக்கங்களைப் பார்ப்பீர்கள்.

கடிகாரம்

இதைக் கவனிக்காவிட்டால் மேலே செய்த பொருத்தம் எல்லாம் வீண். பிரிட்டன் 1940 பிப்ரவரி 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது; அந்தக் குளிர்காலத்தில் திருப்பவே இல்லை. 1941 மே முதல் கோடையில் இரண்டு மணி. 1940 கோடையில் ஜெர்மன் தாள்கள் பிரிட்டிஷ் தாள்களைவிட ஒரு மணி முன்னால் இருக்கும். பகல் 12.15க்கு நடந்த சண்டைக்கு 13.15 இழப்பு ஒத்துப்போகும், 12.15 இழப்பு ஒத்துப்போகாது.

இந்தியப் பகுதிக்கு வந்தால் இன்னொரு சுருக்கு. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரமும் ஒரு மணி முன்னே ஓடியது. கிரீன்விச்சைவிட ஆறரை மணி. தாளில் எந்த நேரம் என்று எழுதாமல் இருந்தால், "விடியலில் கிளம்பினோம்" என்ற வரியைத் தேடி, அந்த இடத்துக்கு அந்த மாதச் சூரிய உதயத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மணி வித்தியாசம் உடனே தெரியும்.

லாக் புக் கிடைத்தால்

படிவம் 414 என்ற விமானியின் லாக் புக் குடும்பத்திடமோ அருங்காட்சியகத்திடமோ இருக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம். இரவுப் பறத்தல் சிவப்பு மையில் இருக்கும். மாதக் கடைசியில் கூட்டலும் மேலதிகாரி கையெழுத்தும் உண்டு; கையெழுத்து இல்லாத மாதம் பிறகு நகலெடுத்ததா என்று பாருங்கள். பதிவேடும் லாக் புக்கும் மோதினால், தேதிக்குப் பதிவேட்டையும், விமானி அன்று எதை ஓட்டினார் என்பதற்கு லாக் புக்கையும் நம்புவது எங்கள் வழக்கம். அதற்காக மற்றதை அழித்துவிடாதீர்கள். இரண்டும் கட்டத்தில் இருக்கட்டும்.

பதக்கம்

விருதுகளை அறிவிக்கும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட் இணையத்தில் இலவசம். விருது அதில் வந்த தேதி, வீரச்செயல் நடந்த தேதி ஆகாது. பரிந்துரை எழுதி, மேலே போய், ஒப்புதலாகி அச்சாக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். லேசிக்கு டி.எஃப்.எம். என்ற வீரப்பதக்கம் 1940 ஆகஸ்ட் 23 கெசட்டில்; அதே பதக்கம் இரண்டாம் முறை, அதாவது 'பார்', நவம்பர் 26இல். எனவே முதல் பதக்கத்துக்கு ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடந்ததைக் காரணமாக எழுத முடியாது. நாட்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தால் இந்தப் பிழை வராது.

28 வீழ்த்தியவருக்கு ஏன் டி.எஃப்.சி. இல்லை என்று வாசகர் கேட்பார். விடை பதவியில் இருக்கிறது. அன்று டி.எஃப்.சி. அதிகாரிகளுக்கு; டி.எஃப்.எம். சார்ஜென்ட் முதலானவர்களுக்கு. லேசியின் பெரிய சண்டைகள் எல்லாம் அவர் சார்ஜென்டாக இருந்தபோது நடந்தவை. இரண்டு பதக்கங்களும் 1918 ஜூனில் ஒரே சமயத்தில் தொடங்கியவை, 1993இல் டி.எஃப்.எம். நிறுத்தப்பட்டு, டி.எஃப்.சி. எல்லாப் படிகளுக்கும் பொதுவானது. நாடாவில் இரண்டுக்கும் சாய்ந்த கோடுகள்தான், டி.எஃப்.எம்.மில் கோடு மெலிதாக இருக்கும். டி.எஃப்.எம். விளிம்பில் பெற்றவர் பெயர் பொறித்திருக்கும், டி.எஃப்.சி.யில் பெயர் இருக்காது. ஆகவே பெயரில்லாத டி.எஃப்.சி.யைக் காட்டி "இன்னாருடையது" என்று யாரேனும் சொன்னால், கூடவே தாள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

போர்க்கால நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் ஆட்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் உண்டு. நம் பக்கத்து வீடுகளில் கிடக்கும் பர்மா நட்சத்திரத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது வீண்போகாது.

லேசிக்கு பிரான்ஸின் குருவா த கேர் பதக்கமும் உண்டு. புதுச்சேரியில் தாத்தா படத்தோடு அதை மாட்டி வைத்திருப்பவர்களுக்கு இதன் மொழி தெரிந்திருக்கும்: நாடாவில் வெண்கல ஓலை என்றால் பாராட்டு படைத் தலைமையிலிருந்து வந்தது. வெண்கல நட்சத்திரம் என்றால் ரெஜிமென்ட் அல்லது பிரிகேட் மட்டம், வெள்ளி நட்சத்திரம் டிவிஷன், பொன்முலாம் பூசியது கோர். எது என்று தெரியாமல் 'பிரான்ஸின் உயரிய விருது' என்று எழுதிவிட வேண்டாம்.

தமிழில் எழுதும்போது

"28 பேரைக் கொன்றார்" என்று ஒரு மொழிபெயர்ப்பு வரும். எண்ணிக்கை விமானத்துக்கு. ஒற்றை ஆள் ஓட்டும் 109இல் விமானி தப்பிக் குதித்திருக்கலாம். ஹெயின்கல் 111இல் நான்கைந்து பேர் இருப்பார்கள். 'வீழ்த்தினார்' என்பதே சரி. உயரத்தை அடியிலேயே விடுங்கள். விமானத் துறை இன்றும் அடியில்தான் பேசுகிறது. வேகத்தை மட்டும் கிலோமீட்டருக்கு மாற்றலாம். காலன் வந்தால் பிரிட்டிஷ் காலனா அமெரிக்கக் காலனா என்று பாருங்கள்: முன்னது 4.5 லிட்டருக்குச் சற்று மேல், பின்னது 3.8க்குச் சற்றுக் கீழ். தண்டர்போல்ட் போன்ற அமெரிக்க விமானங்கள் வரும் இடத்தில் இது உதைக்கும்.

ஊர்ப்பெயர்களைத் தேடும்போது பழைய எழுத்துமுறை தேவை. 'மதுரா', 'டிரிச்சினோபொலி', 'டாஞ்சூர்', 'விசகபட்டம்' என்று ஆங்கிலத்தில் அன்று எப்படி எழுதினார்களோ அப்படித் தட்டினால்தான் பட்டியல் திறக்கும். கட்டுரையில் இன்றைய பெயரை எழுதுங்கள்.

இந்தியா, பர்மா, கடைசிப் பக்கம்

லேசி 1943 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஒன்றரை ஆண்டில் பெரும்பகுதி மற்றவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த வேலை. எழுதுபவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். காரணம் எளிது: 'ஏர் 27'இல் தேடினால் ஆள் காணாமல் போய்விடுவார். பயிற்சிப் பிரிவுகளும் சிறு பிரிவுகளும் 'ஏர் 29'இல் இருக்கின்றன, விமானத்தளங்களின் பதிவேடு 'ஏர் 28'இல். அங்கே தேடுங்கள். இடைவெளி தெரிந்தால் அது ஓய்வு என்று எண்ணாமல் தொடரை மாற்றிப் பாருங்கள்.

1945 பிப்ரவரி 19, பர்மா. 17ஆம் ஸ்குவாட்ரன் தலைவராக ஸ்பிட்ஃபயர் எட்டாம் வகையில் பறந்தபோது கி-43 என்ற ஜப்பானியப் போர்விமானம் ஒன்றை வீழ்த்தினார். செலவானது 20 மில்லிமீட்டர் குண்டுகள் ஒன்பது என்பது பதிவு. இதை வாசகருக்குப் புரிய வைக்கக் கணக்கு போட்டுக் காட்டுங்கள்: அந்த வகைப் பீரங்கி நிமிடத்துக்குச் சுமார் 600 சுடும், விநாடிக்குப் பத்து. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு. ஒன்பது குண்டு என்றால் அரை விநாடிக்கும் குறைவு. ஐந்து ஆண்டுக்கு முன் பிரான்ஸில் தொடங்கியவரின் கடைசி வீழ்த்தல் அது.

1945 நடுவில் ஸ்குவாட்ரன் பர்மாவிலிருந்து மதுரைக்கு வந்து பதினான்காம் வகை ஸ்பிட்ஃபயருக்கு மாறியது. நம் ஊர்க் கட்டுரைக்கு இந்த வாரங்கள் முக்கியம். 540ஐ வரிவரியாகப் படியுங்கள். பதிவேட்டில் யாரேனும் இறந்ததாக வந்தால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். தென்னிந்தியாவில் புதைக்கப்பட்டவர்கள் பலர் இன்று சென்னை நந்தம்பாக்கம் போர்க்கல்லறையில் இருக்கிறார்கள். பர்மா வானில் காணாமல் போய் உடல் கிடைக்காதவர்களின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கும்; லண்டன் அருகே ரன்னிமீடில் உள்ள விமானப்படை நினைவிடத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 1945 ஆகஸ்டில் நிறுத்தினால் லேசியின் கதையில் ஒரு நாள் விடுபடும்: 1946 ஏப்ரல் 30 அன்று, ஆக்கிரமிப்புப் படையோடு போன அவர், ஜப்பானுக்கு மேல் பறந்த முதல் ஸ்பிட்ஃபயரை ஓட்டினார். அதுவும் அதே 17ஆம் ஸ்குவாட்ரனின் பதிவேட்டில்தான் வர வேண்டும். 1946 ஏப்ரல் கோப்பு இரண்டையும், சுருக்கத்தையும் விவரத்தையும், சேர்த்தே இறக்குங்கள்.